வங்கிக்கு எத்தனை படி?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபி போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டு வெறும் லைக் போட்டுப் போகக் கூடாது. கடைசியில் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது.

தருமபுரியை விட்டுப் போய்ப் பல வருடம் ஆனவர்கள் இப்போது வந்தால் நான்கு ரோட்டில் நின்று வழி கேட்பீர்கள். நேதாஜி பைபாஸ் ரோட்டிலும் பென்னாகரம் ரோட்டிலும் வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். கீழே துணிக்கடை, மேலே ஸ்கேன் சென்டர், அதற்கும் மேலே கோச்சிங் சென்டர். முன்பெல்லாம் வீடு கட்டினால் "எத்தனை அங்கணம்?" என்று கேட்பார்கள். இப்போது "எலிவேஷன் யார் போட்டது?" என்று கேட்கிறார்கள். பின்பக்கம் பூச்சுகூட இல்லாத செங்கல் சுவராக இருக்கும். முன்பக்கம் மட்டும் ஏ.சி.பி. ஷீட்டும் நீலக் கண்ணாடியுமாக மின்னும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு வங்கிக் கிளை பழைய வாடகைக் கட்டடத்தை விட்டு இப்படி ஒரு புதுக் கட்டடத்துக்கு மாறியது. எந்த வங்கி என்பது வேண்டாம். நான் சொல்லப்போவது எல்லா வங்கிக்கும் பொருந்தும். திறப்பு விழா அன்று வாசலில் வாழைமரம், மாக்கோலம், குத்துவிளக்கு, கேசரி எல்லாம் இருந்தன. வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது, போயிருந்தேன். ஊர் என்ன பேசிக்கொண்டது என்று காதைக் கொடுத்துக் கேட்டேன்.

இளவட்டங்கள் "பெங்களூர் மாதிரி இருக்கு" என்றார்கள். டீக்கடைக்காரர் "மீன் தொட்டிங்க இது. உள்ள யாரு எவ்வளவு எண்ணுறாங்கன்னு ரோட்ல இருந்தே தெரியுது" என்றார். ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேற்குப் பார்த்த வாசல். சித்திரையில உள்ள இருக்கிறவன் வெந்துடுவான்" என்றார். பக்கத்துக் கடை அம்மா, "எப்படியோ, நம்ம தெருவுக்கு மவுசு வந்துச்சு. வாடகை ஏறும்" என்று மகிழ்ந்தார். அவர் கடையே வாடகைக் கடை என்பது அடுத்த நிமிடம்தான் அவருக்கு நினைவு வந்தது.

மேஸ்திரி சொன்னது அறிவியல். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது போலவே சொல்கிறேன். வெயில் கண்ணாடி வழியே உள்ளே போய்விடும். உள்ளே மேசை, தரை, சுவர் எல்லாம் சூடாகும். அவை வெளிவிடும் வெப்பம் அதே கண்ணாடி வழியே எளிதாக வெளியே வராது. வெயிலில் நிறுத்திய கார் அடுப்பாகிவிடுவது இதனால்தான். குளிர் நாடுகளில் இது வரம், அங்கே சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். நம் ஊரில் பிடித்து வைத்த சூட்டைத் துரத்த ஏ.சி. போடுகிறோம், அந்த ஏ.சி. தன் சூட்டைத் தெருவில் நடப்பவன் முகத்தில் ஊதுகிறது. நம் பாட்டன்மார் மண்சுவர் எழுப்பி, கருங்கல் தூண் நட்டு, நாட்டு ஓடு வேய்ந்து, திண்ணைக்கு மேல் தாழ்வாரத்தை நன்றாக இறக்கிவிட்டார்கள். வெயில் சுவரையே தொடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்காகப் புதுமையைப் பழிப்பது என் வேலை இல்லை. மனைக்கு விலை ஏறிவிட்டது. குறுகலான மனையில் மூன்று மாடி எழுப்பினால் வெளிச்சம் வர முன்பக்கம் ஒன்றுதான் வழி. கண்ணாடி சீக்கிரம் மாட்டிவிடலாம், துடைத்தால் புதிதாகிவிடும். கட்டுகிறவரின் கணக்கும் நியாயமான கணக்குதான்.

புதுக் கட்டடத்தை ஊர் கேலி செய்வதும் புதிதல்ல. பாரிஸில் ஈபிள் கோபுரம் எழும்பத் தொடங்கிய 1887-லேயே அந்நாட்டின் பெரிய எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து "நகரத்துக்கே அவமானம்" என்ற பொருளில் எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டார்கள். 1889-ல் கோபுரம் திறந்தது. இன்று பாரிஸ் என்றாலே அதுதான்.

நம் சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் திறந்தபோது அதுவே நாட்டின் மிக உயரமான கட்டடம். சுண்ணாம்பும் செங்கல்லுமாக இருந்த ஊரில் கான்கிரீட் காலம் வந்துவிட்டது என்று சொன்ன கட்டடம் அது. என் சின்ன வயதில் சென்னை போய் வந்தவரிடம் முதல் கேள்வி "எல்.ஐ.சி. பார்த்தியா?" என்பதுதான். கிராமத்துக் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட சினிமாக்காரர்களுக்கு அந்தக் கட்டடம் ஒன்றே போதுமாக இருந்தது.

அதைத் தொடங்கியவரைப் பற்றி ஒரு செய்தி. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தன் காப்பீட்டு நிறுவனத்துக்காக அந்தக் கட்டடத்தைத் தொடங்கினார். 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி, கட்டடம் எல்.ஐ.சி.க்கு வந்தது. இதே செட்டியார்தான் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தவர். அன்று ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரில் கிளை திறந்தார். செட்டிநாட்டுப் பணம் பர்மாவில் ஓடிக்கொண்டிருந்த காலம். பணம் போகும் பாதையில் கதவைத் திறந்து வைத்தார் என்று சொல்லலாம். உயரமான கட்டடம், ஆள் இருக்கும் இடத்தில் கிளை, இரண்டையும் யோசித்த ஒரே மனிதர். அதனால்தான் அவரை இங்கே நினைக்கிறேன்.

இன்னொரு உதாரணம், சென்னை ஓமந்தூரார் தோட்டம். 2010 மார்ச்சில் புதிய தலைமைச் செயலகமாகத் திறந்தார்கள், ஜெர்மனி நாட்டுக் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பு. அழகா இல்லையா என்று தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பேசியது. 2014-ல் அது பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகிவிட்டது. இன்று அங்கே சிகிச்சைக்குப் போகிற நம் ஊர்க்காரர் யாரும் கட்டடத்தின் அழகைப் பற்றிப் பேசுவதில்லை. "எந்த மாடி, எந்த அறை, எத்தனை மணிக்கு டோக்கன்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு கட்டடத்தைப் பற்றிய ஊர்ப்பேச்சு அது நமக்குப் பயன்படத் தொடங்கும்போது அடங்கிவிடுகிறது.

ஆகவே துணிக்கடையும் திருமண மண்டபமும் எப்படி மின்னினாலும் எனக்கு வழக்கில்லை. வங்கி அப்படி அல்ல. அதில் இரண்டு ஆபத்து இருப்பதாக நினைக்கிறேன்.

முதல் ஆபத்து, பளபளப்பைப் பார்த்துப் பணத்தை நம்பிக் கொடுப்பது.

இது பழைய நோய். சென்னையில் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. நூறு வருடப் பெருமை. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில்கள் எல்லாம் பணம் போட்டு வைத்திருந்த இடம். 1906 அக்டோபரில் ஒரே நாளில் கதவை மூடியது. அதை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, ஆனால் போட்டவர்கள் பணம் முழுதாகத் திரும்பவில்லை. அந்த அடியிலிருந்துதான் நம்மவர்களுக்கு என்று ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நின்றார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி வேலையைத் தொடங்கியது. நம் தருமபுரி மாவட்டத்தின் முன்னோடி வங்கி அதுதான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

நம் காலத்துக்கு வருவோம். 2012-ல் ஈமு கோழி என்று மேற்கு மாவட்டங்களில் எத்தனை குடும்பம் கெட்டது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அந்த நிறுவனங்களின் அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். குளிர்சாதனம், சோபா, வரவேற்பில் சிரித்த முகம், சுவரில் நடிகர் படம். என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் ஓய்வுபெற்ற பணத்தில் பெரும் பகுதியை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். "எப்படி நம்பினீங்க?" என்று பின்னால் கேட்டபோது, "அவ்வளவு பெரிய ஆபீஸ், டீச்சர். அதை விட்டுட்டு ஓடுவாங்கன்னு யாரு நினைப்பா?" என்றார். ஓடினார்கள். அந்த ஆபீஸ் வாடகை இடம், கண்ணாடியும் சோபாவும் தவணை. நிதி நிறுவன மோசடிகளுக்காகவே 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வழக்குப் போட உதவும், அந்த ஆசிரியையின் மகள் கல்யாணம் அதற்குள் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது.

ஒரு பயனுள்ள செய்தியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியில் நாம் போடும் பணத்துக்குக் காப்பீடு உண்டு. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. 1962-ல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. இப்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு, இது 2020 பிப்ரவரி முதல். கூட்டுறவு வங்கிக்கும் பொருந்தும். நிதி நிறுவனத்துக்கு, சீட்டுக்கு, கோழிக்கு, தேக்கு மரத்துக்கு இது கிடையாது. ஒரு நிறுவனம் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்று பார்க்க ரிசர்வ் வங்கி "சச்சேத்" என்ற இணையதளம் வைத்திருக்கிறது. பிள்ளைகள் பெற்றோருக்குப் பார்த்துச் சொல்லுங்கள். கண்ணாடி எத்தனை மாடி என்று பார்க்க வேண்டாம், அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது ஆபத்து, பளபளப்பைப் பார்த்துப் பயந்து ஏழைகள் நல்ல இடத்துக்கே போகாமல் இருப்பது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது நாடு முழுவதும் சுமார் 8,000 கிளைகள்தான் இருந்தன. பெரும்பாலும் நகரங்களில். 1977-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளை திறக்க வேண்டும். 1990 வரை இந்த விதி இருந்தது. அதற்குள் கிளைகள் சுமார் 60,000 ஆகிவிட்டன. நம் பக்கம் இருக்கும் சிற்றூர்க் கிளைகள் பல அந்தக் காலத்துப் பிள்ளைகள். நம் மாவட்டத்துக்கென்றே அதியமான் பெயரில் ஒரு கிராம வங்கி இருந்தது நினைவிருக்கிறதா? அது 2006-ல் வள்ளலார் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆனது. 2019-ல் பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. அதியமானும் பல்லவனும் பாண்டியனும் ஒன்றாகச் சேர்ந்த அதிசயம் வரலாற்றில் நடக்கவில்லை, வங்கியில் நடந்தது!

நான் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்தபோது பக்கத்து ஊரில் இப்படி ஒரு கிளை இருந்தது. ஒரு விவசாயியின் ஓட்டு வீடு. முன்னால் நீளத் திண்ணை, உள்ளே இரண்டு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, மடக்கு கேட். தெருவிலிருந்து ஒரே ஒரு படி. சந்தைக்கு வந்தவர்கள் மூட்டையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்ன கவுண்டரே, மஞ்சள் போட்டாச்சா?" என்று கேட்பார். யார் யாருக்குக் கடன் தேவை, யாரால் திருப்பிக் கட்ட முடியும் என்பதெல்லாம் பாதி அந்தத் திண்ணையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

1989-ல் தருமபுரி மாவட்டம் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கி வைத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் ஆரம்பித்தது நம் மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்திருந்தது. கடன் கொடுக்கும் பங்காளியாக இந்தியன் வங்கி இருந்தது. பிறகு சேலம், தென்னாற்காடு என்று பரவி, 1997-98-ல் மாநிலம் முழுவதற்கும் மகளிர் திட்டமாக விரிந்தது. இன்று தமிழ்நாட்டின் எந்த மூலையில் ஒரு பெண் "எங்க குழுவுல" என்று பேசினாலும் அந்தப் பேச்சின் ஊற்று நம் தருமபுரி மண்.

அப்போது ஊக்குநர், பிரதிநிதி என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் மாலையில் பள்ளிக்கு வந்து என்னிடம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். கேழ்வரகு அறுத்த கை, பலப்பம் பிடிக்க நடுங்கும். முதல்முதல் வங்கிக்குப் போகும் நாளில் பதினைந்து பேரும் சேர்ந்துதான் போனார்கள். வேலை இரண்டு பேருக்குத்தான். மற்றவர்கள் தைரியத்துக்கு! திண்ணை இருந்ததால் பதினைந்து பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி உள்ளே போய்ச் சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மற்ற பதினான்கு பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு கலெக்டருக்கு எழுந்து நிற்பது போல.

அந்தத் திண்ணை இல்லாமல், கண்ணாடிக் கதவும் துப்பாக்கிக் காவலரும் இருந்திருந்தால் அந்தப் பதினைந்து பேர் போயிருப்பார்களா? யோசித்துப் பார்க்கிறேன்.

யோசிக்க வைத்தது எங்கள் தெரு ஆயா. வயது எழுபத்தைந்துக்கு மேல். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் அவர் கணக்கில் வருகிறது. பழைய கட்டடத்தில் இருந்தவரை அவரே நடந்து போய் எடுத்து வருவார். கிளை மாறிய பிறகு பார்த்தால், தெருமுனைக் கடையில் கைரேகை வைத்து எடுக்கிறார். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் இருபது ரூபாய் பிடித்துக்கொள்கிறார். "ஏன் ஆயா, பேங்குக்குப் போறது?" என்றேன்.

"போனேன் டீச்சரம்மா. ஆறு படி. பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. மெல்ல ஏறிட்டேன். அப்பறம் கதவு எது, செவரு எதுன்னே தெரியல. எல்லாமே கண்ணாடி. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நின்னேன். வாட்ச்மேன் தம்பி 'செருப்போட வாங்க'ன்னுச்சு. தரை பளபளன்னு ஈரமாட்டம் இருந்துச்சு, வழுக்கிடுமோன்னு பயம். உள்ள இருக்கிற பிள்ளைங்க எல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

யாரும் அவரை விரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். கட்டடம்தான் திருப்பி அனுப்பியிருக்கிறது. மாதம் 1,200-ல் இருபது என்பது நமக்குச் சில்லறை. அவருக்கு ஒரு நாள் பால், காய். அதைவிட வருத்தம், அவசரத்துக்கு ஆயிரம் வேண்டுமென்றால் அவர் இனி வங்கியை நினைக்கவே மாட்டார். வாசலுக்கே வந்து கொடுக்கும் வட்டிக்காரர் இருக்கிறார். அவர் கதவு எப்போதும் திறந்திருக்கும், படியே கிடையாது. 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டாயிற்று, ஆனால் எளிதில் போகக்கூடிய வங்கி இல்லாத இடத்தில் சட்டத்துக்கு வேலை அதிகம்.

2023 ஜூலை 24 அன்று மகளிர் உரிமைத் தொகை விண்ணப்ப முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்தது நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கு முன் 2014-ல் ஜன்தன் கணக்குகள் வந்தன. கணக்கு எல்லோருக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கு இருக்கும் கட்டடத்துக்குள் எல்லோராலும் போக முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

ஆறு படி ஏன் வருகிறது என்று என்னிடம் படித்த ஒரு சிவில் இன்ஜினீயரிடம் கேட்டேன். "ரோடு போடும்போதெல்லாம் உயரம் ஏறிக்கிட்டே போகுது டீச்சர். மழைத் தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு ஓனர் முன்கூட்டியே அடித்தளத்தை உயர்த்திடறார்" என்றான். நியாயம். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள், பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அது ஒழுங்காக நடந்தாலே பாதிப் படி குறையும்.

"சரி, சாய்தளமாவது வைக்கலாமே?" என்றேன். கணக்குப் போட்டுக் காட்டினான். சக்கர நாற்காலி பத்திரமாக ஏற, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு படி, ஒவ்வொன்றும் அரை அடி, மொத்தம் மூன்று அடி உயரம். அப்படியானால் 36 அடி நீளச் சாய்தளம். கட்டி முடித்த பிறகு 36 அடிக்கு எங்கே போவது? பேருக்கு என்று ஆறடியில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு போடுவார்கள். அதில் வண்டியை ஏற்றலாம், மனிதன் ஏற முடியாது. வரைபடம் போடும்போதே யோசித்தால் அடித்தளத்தை ஒன்றரை அடியில் நிறுத்தி 18 அடிச் சாய்தளத்தில் முடித்திருக்கலாம். ஐந்தாம் வகுப்பு விகிதக் கணக்கு!

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் தடையில்லாமல் போய்வர வழி வேண்டும் என்று சொல்கிறது. ஏ.டி.எம்.களுக்குச் சாய்தளம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

நாங்கள் ஓய்வூதியர்கள் ஒன்பது பேர் சேர்ந்து அந்தக் கிளைக்குப் போய்ப் பேசினோம். சண்டைக்குப் போகவில்லை, மனு எழுதிக்கொண்டு போனோம். மேனேஜர் சின்ன வயதுப் பெண். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார். "இந்த வடிவமைப்பு எங்க கையில இல்லம்மா, எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி மேலேயிருந்து வருது. ஆனா என்னால முடிஞ்சதைச் செய்றேன்" என்றார். செய்தார். பத்து நாளில் படிக்கு இருபக்கமும் கைப்பிடி வந்தது. கண்ணாடிக் கதவில் கண் உயரத்தில் சிவப்புப் பட்டை ஒட்டி, தமிழில் "தள்ளவும்" என்று பெரிதாக எழுதி வைத்தார்கள். வாசலில் ஒரு மர பெஞ்ச். சாய்தளம் மட்டும் வரவில்லை. இரண்டு கார் நிறுத்தும் இடம் போய்விடும் என்று கட்டட உரிமையாளர் மறுக்கிறார். அதற்கு இரண்டாவது மனு வட்டார அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, பதில் இன்னும் இல்லை. மூன்றாவது மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கொடுக்கப் போகிறோம்.

அந்த பெஞ்ச் வந்த மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது, கீரைக்கட்டு விற்கும் இரண்டு பெண்கள் அதில் உட்கார்ந்து பாஸ்புக்கைப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கட்டடத்துக்கும் ஒரு திண்ணை முளைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆயா இன்னும் போகவில்லை. "சாய்வு வரட்டும், வரேன்" என்கிறார். கைப்பிடி இருந்தாலும் அவர் முழங்கால் ஆறு படிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நாங்கள் விடுவதாக இல்லை.

போனில் எல்லாம் முடிந்துவிடும் காலத்தில் கிளை எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். போன் உங்களுக்கு. நகையை அடகு வைக்க, கல்விக் கடன் கேட்க, இறந்தவர் கணக்கை முடிக்க, ஏமாந்த பணத்துக்குப் புகார் சொல்ல மனித முகம் வேண்டியிருக்கிறது. அந்த முகத்துக்கு முன்னால் போக முடியாதவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

கட்டடம் வரைகிற என் பிள்ளைகளுக்கு: எலிவேஷனுக்கு முன்னால் படியை வரையுங்கள். உரிமையாளர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். மேற்கு வெயிலுக்கு ஒரு சன்ஷேடு இறக்குங்கள், அதன் கீழே நாலு பேர் உட்கார இடம் விடுங்கள்.

வங்கியில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு: வேலைப்பளு எனக்குத் தெரியும். இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறீர்கள். ஆனாலும் நாளுக்கு ஒரு முறை எழுந்து வாசல் வரை வந்து வெளியே யார் தயங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். என் வகுப்பில் கதவோரம் நின்ற பிள்ளையை நான் உள்ளே கூப்பிட்டேனே, அதுபோல.

வெளியூரில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் உறவுகளுக்கும்: அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெற்றோரோடு ஒருநாள் அவர்கள் வங்கிக்குப் போய் வாருங்கள். நீங்களே போய் முடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர்களை நடக்கவிட்டுப் பின்னால் நில்லுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள்.

இனி வீட்டுப்பாடம். உங்கள் ஊர் வங்கிக் கிளையின் வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, சாய்தளம் உண்டா, உட்கார இடம் உண்டா என்று பார்த்து இங்கே கீழே எழுதுங்கள். நல்லதாக இருந்தால் வங்கிப் பெயரோடு எழுதுங்கள், பாராட்டுவோம். குறையாக இருந்தால் பெயர் வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். மனு எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பழையபடி சிவப்பு மையில் சுழிப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தருமபுரி